கடலைக்காட்டு மோட்டாரும் கலைச்செல்வியின் கம்ப்யூட்டரும்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போதைய முதலாளி கேட்டார். "ஒரு பக்கம் போதுமா?" என்றேன். "ஒங்களால ஒரு பக்கத்துல நிறுத்த முடியுமாக்கா?" என்று சிரித்தார். முடியாதுதான். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், தெருவில் யாராவது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோம் என்றால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. என்ன வேலைக்கு, யார் உட்காரப் போகிறார்கள், எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள் என்று வாசலிலேயே மறித்துக் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "பட்ஜெட் ரொம்பக் கம்மிங்க" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வருகிறவரைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்தான் நம் தொழிலின் ருசியே. பணம் இருக்கிறவர் வந்து "எது நல்லதோ அதப் போடுங்க" என்பார், நாமும் போடுவோம், அதில் மூளைக்கு என்ன வேலை? கையில் கொஞ்சமாக வைத்துக்கொண்டு வருகிறவரிடம்தான் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, நீ எதற்கு, உன்னால் என்ன பிரயோஜனம் என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அந்த விசாரணையில் எனக்கு இருந்த சந்தோஷம் சினிமாவுக்குப் போனாலும் கிடைத்ததில்லை.

அந்தக் காலத்தில் கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "மெக்கானிக் இல்லீங்களாக்கா?" என்பார்கள். "இருக்காரு. ஒங்களுக்கு முன்னாடிதான் சேலை கட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். பாதிப் பேர் அப்புறம் வருகிறேன் என்று போய்விடுவார்கள். போனவர்களில் பலர் வேறு கடையில் வாங்கிக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்ததும் உண்டு. அதைச் சொல்லிக்காட்டும் வயது எனக்கு இப்போது வந்துவிட்டது.

கலைச்செல்வி அப்படி எட்டிப் பார்க்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். திருமயத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, கணவர் துபாயில் இருக்க, படித்த படிப்பு பீரோவுக்குள் கிடந்தது. செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்த்துப் புதுப்பிக்கிற சென்னைக் கம்பெனி ஒன்று, அந்த வீடுகளை அளந்து வரைபடம் போட இந்தப் பக்கத்திலேயே ஆள் தேடியது. வீட்டில் இருந்தபடியே வேலை. ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். கம்பெனிக்காரர் எதிர்முனையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மணி நேரம் வரைந்து காட்டவும் வேண்டும்.

"சீட்டு எடுத்த பணம்க்கா இது. இதுக்கு மேல ஒரு ரூபா சொன்னீங்கன்னா நான் இப்படியே பஸ் ஏறிருவேன்" என்றாள். கூடவே அவளுடைய மாமனார் கருப்பையா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மருமகளை எங்கு போனாலும் "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிடுகிற மனிதர். சீட்டை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். கடைக்குள் எரிந்த வண்ண விளக்குப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு அவருக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது.

கலைச்செல்வியின் கொழுந்தன் ஒருவன் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, என்னென்ன வாங்க வேண்டும் என்று போனில் அனுப்பியிருந்தான். கண்ணாடிப் பெட்டி, கலர் கலராக எரியும் விசிறிகள், விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு. எல்லாவற்றையும் போட்டால் மவுஸ் வாங்கக்கூடப் பணம் மிஞ்சாது.

"உள்ள லைட்டெல்லாம் எரியுமாமே?" என்றார் கருப்பையா ஆசையாக.

"எரியும்ண்ணே. திருவிழா மாதிரி எரியும். ஆனா ஒங்க மருமகளுக்கு ஒரு கோடு கூடப் போட்டுத் தராது."

நான் கலைச்செல்வியைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்து, "எனக்கு ஒரு வாசற்படி வரைஞ்சு காட்டு" என்றேன். வரைந்தாள். ஏழெட்டு வருடம் தொடாத கை முதலில் தடுமாறியது. அப்புறம் வேகம் எடுத்தது. நான் அவள் கையைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டர் எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருந்தது. ரேம் என்கிற நினைவகம்தான் பிதுங்கியது. அங்கேயே முடிவாகிவிட்டது. கார்டு வேண்டாம், பிராசஸருக்கு உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் போதும். அதில் மிஞ்சியதில் நினைவகத்தை இரண்டு மடங்காக்கு. ஹார்ட் டிஸ்க்கை விடு, எஸ்எஸ்டி போடு. நாள் முழுக்க அவள் கண் திரையில்தான் இருக்கப் போகிறது, அதனால் மூடிப்போன ஓர் ஆபீசிலிருந்து வந்த பெரிய மானிட்டர். பெட்டி? எங்கள் பரணில் கிடந்தது, ஒரு பக்கம் கீறல் விழுந்த கறுப்புப் பெட்டி. கீறலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள் என்று சொல்லி இனாமாகவே கொடுத்துவிட்டேன்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்கவில்லை. உள்ளே இருக்கிற அத்தனை பாகத்துக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுத்துச் சோறு போடுகிற பெட்டி அது. அதில் மிச்சம் பிடித்து, மற்றதை எல்லாம் கருக்கிய கடைகள் எத்தனையோ எனக்குத் தெரியும். நல்லதாகவே போட்டேன். யூபிஎஸ் வாங்கத்தான் பணம் இல்லை. "வீட்டுல இன்வர்ட்டர் இருக்குக்கா" என்றாள். "அப்பச் சரி" என்றேன். இந்த "அப்பச் சரி"யைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டி முடித்ததும் பட்டனை அவளையே அமுக்கச் சொன்னேன். விசிறி சுற்றியது, ஒரு சின்ன பீப், திரையில் எழுத்து வந்தது. கருப்பையா கை தட்டிவிட்டார்! கடையில் நின்ற மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். எத்தனை பெட்டி பூட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனாலும் அந்த பீப் வருகிற வரைக்கும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்களுக்கும் அடித்துக்கொண்டால் நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

அடுத்த வாரம் போன் வந்தது. எதிர்முனையில் கலைச்செல்வியின் அழுகைதான் முதலில் கேட்டது.

"பாதி வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்க்கா... பொசுக்குன்னு அணைஞ்சு தானாத் திரும்ப வருது. அந்தக் கம்பெனி சார் நல்ல மாதிரி. இன்னொரு தேதி குடுத்திருக்காங்க. அதுலயும் இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க."

எடுத்துக்கொண்டு வா என்றேன். மாமனாரும் மருமகளும் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பட்டனுக்குச் சந்தனம், குங்குமம். பெட்டியின் கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு. காற்றுப் போகிற துளைகளில் விபூதி.

"ஊர்க்கண்ணு பட்டுருச்சும்மா" என்றார் கருப்பையா, தீர்மானமாக. "ஆத்தா கம்ப்யூட்டர்ல வேலை பாக்கப் போகுதுன்னு தெருவே வந்து பாத்துச்சுல்ல."

நான் விபூதியைத் தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, நினைவகத்தின் மீது சந்தேகப்பட்டேன். அவருடைய திருஷ்டிக்கும் என்னுடைய நினைவகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் அவருக்குப் பழக்கமானதைச் சந்தேகப்பட்டார், நான் எனக்குப் பழக்கமானதை. நினைவகத்தை மாற்றி, கடையில் நாள் முழுக்க ஓட விட்டேன். ஒரு தடவை கூட அணையவில்லை. கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையிலேயே வீட்டில் மறுபடி அணைந்தது.

இங்கேதான் நம் ஆட்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "எங்க கடையில நல்லாத்தானே ஓடுது." தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த வார்த்தையை வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வாடிக்கையாளரைப் பார்த்து, நீதான் பொய் சொல்கிறாய் என்று சொல்வதற்குச் சமம். கடையில் நன்றாக ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை என்றால், பெட்டியைப் பார்த்தது போதும், வீட்டைப் போய்ப் பார் என்று அர்த்தம்.

"ஒங்க கடைக்கே வந்து அந்தப் பரீட்சைய எழுதிரவாக்கா?" என்று கேட்டாள். கம்பெனியிடம் கேட்கச் சொன்னேன். தினமும் வீட்டில் இருந்துதானே வேலை செய்யப் போகிறீர்கள், வீட்டு இன்டர்நெட்டையும் சேர்த்துத்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். அதனால் பெட்டியை மறுபடி வரவழைத்து, முதல் நாள் மாலை வரை கடையில் போட்டு ஒவ்வொரு பாகமாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயம். ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பரீட்சை நாள் காலையில் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்து மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்னக்கா, டிவியா?"

"கம்ப்யூட்டர்."

"பொம்பளையளுக்குத்தான் ஃப்ரீ. பெட்டிக்கு லக்கேஜ் போடணும்."

"மடியில வச்சிருக்கேனப்பா, சீட்டையா அடைக்குது?"

"மடியில வச்சா அது கொழந்தையா?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். நான் ஓசியில் போக, அந்தப் பெட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டு திருமயம் போய்ச் சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் கருப்பையா பைக்கோடு காத்திருந்தார். முன்னால் அவர், நடுவில் பெட்டி, பின்னால் நான்.

வீட்டில் இறங்கியதும் அவர் கடலைக்காட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் பெட்டியை அதன் இடத்தில் வைத்து இணைத்தேன். கலைச்செல்வி பழகிப் பார்க்க ஆரம்பித்தாள். "நீங்க எதையும் செய்யலையாக்கா?" என்றாள். "நான் டீ குடிக்கப் போறேன்" என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு என் திட்டம் அவ்வளவுதான். எதையும் தொடாமல் உட்கார்ந்து அந்த வீட்டைப் பார்ப்பது. கம்பெனிக்காரர் வர ஒரு மணி நேரம் இருந்தது.

டீ பாதி இறங்கியிருக்கும். தலைக்கு மேலே ஓடிய ஃபேன் சட்டென்று தளர்ந்தது. அதே நொடி கம்ப்யூட்டர் அணைந்தது. "ஐயோ!" என்றாள் கலைச்செல்வி. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நான் திரையைப் பார்க்கவில்லை, ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபேன் ஏம்மா மெதுவாச்சு?"

"அது மூணு பேஸ் வந்துருச்சுக்கா."

"தெனமும் இப்படியா?"

"தெனமும்தான். காட்டுக்கு மூணு பேஸ் கரண்ட் வந்தா வீட்டுல இப்படித்தான் எறங்கும்."

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"ஃபேனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னக்கா?" என்றாள், நிஜமாகவே புரியாமல்.

டவுனில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வயல் மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வேண்டும். அது சில மணி நேரம்தான் வரும். எப்போது வரும் என்று காட்டில் காத்துக்கிடக்க முடியாது என்பதால், எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கிற மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பினால், வீட்டுக்கு வருகிற வோல்டேஜ் தரையைத் தொட்டுவிட்டு வரும். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட எஸ்எம்பிஎஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பள்ளத்தைத் தாண்டாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் யாரும் இதை மறைக்கவில்லை. அவர்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. விடிந்தால் சேவல் கூவும், மூணு பேஸ் வந்தால் ஃபேன் தளரும், அவ்வளவுதான். மனிதர்கள் தங்களுக்குப் பழகிப்போனதை நம்மிடம் சொல்லவே மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாவிட்டால் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"வீட்டுக்குப் பக்கத்துல இருக்குறது யாரு மோட்டாரு?" என்றேன்.

கலைச்செல்வி பின்வாசலைப் பார்த்தாள். ஒரு கல்லெறி தூரத்தில், மோட்டார் கொட்டகையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. "நம்ம போர்தான்க்கா. பெரிய மோட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கருப்பையாவுக்குப் போன் போடச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"யாரு, எம் மோட்டாரா? அது தங்கமான மோட்டாரும்மா! ஒரு தடவை கூட மக்கர் பண்ணுனது கெடையாது."

"மோட்டார் நல்லாருக்குண்ணே. அது நல்லாருக்குறதுனாலதான் இங்கிட்டு இது சாகுது. ஒண்ணு செய்ங்க, நான் சொல்றப்ப நிறுத்துங்க, சொல்றப்பப் போடுங்க."

நிறுத்தினார். ஃபேன் துள்ளி எழுந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, படத்தைத் திறந்து வைத்தோம். "இப்பப் போடுங்கண்ணே!" போட்டார். ஃபேன் தளர்ந்தது, திரை செத்தது. "செத்துருச்சு மாமா!" என்று போனில் கத்தினாள் கலைச்செல்வி. இன்னொரு தடவை என்றேன். மறுபடி நிறுத்தி, மறுபடி போட்டு, மறுபடி செத்தது. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றும்போது ஒரே தடவையில் நம்பிவிடாதீர்கள். உங்களுக்காக இல்லை என்றாலும், நம்ப வேண்டியவர் தன் கையாலேயே செய்து பார்ப்பதற்காகவாவது இன்னொரு தடவை செய்யுங்கள்.

கருப்பையா வரப்பில் ஓடி வந்து, காலெல்லாம் சேறாக வாசலில் நின்றார். பெட்டியைப் பார்த்தார், கழுத்தில் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"அப்ப ஊர்க்கண்ணு இல்லையா?"

"இல்லண்ணே."

"கழட்டிரட்டுமா?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், இன்னைக்கு எதையும் அசைக்க வேண்டாம்" என்றேன்.

கம்பெனிக்காரர் வர அரை மணி நேரம்கூட இல்லை. கடைக்குப் போன் போட்டு யூபிஎஸ் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் வந்து சேரும்போது பரீட்சை பாதியில் இருக்கும். மாட்ட வேண்டும் என்றால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். அணைத்தால் வேலை போச்சு. மனது நாலா பக்கமும் ஓடியது. இந்த மாதிரி நேரத்தில் இல்லாததை நினைத்து ஓடாதீர்கள். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். என்ன இருந்தது? அந்த "அப்பச் சரி" இருந்தது. இன்வர்ட்டர்!

கம்ப்யூட்டர் இன்வர்ட்டர் பிளக்கில்தான் இருந்தது. பின்னே ஏன் அது காப்பாற்றவில்லை? சுவர்ப் பலகையில், முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதை ஸ்டூலில் ஏறிப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கத் தூசி, பல்லி முட்டை. அதற்கு நடுவில் ஒரு சின்ன சுவிட்ச். இரண்டு நிலை. ஒன்றில் வைத்தால், வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் பரவாயில்லை என்று அப்படியே வீட்டுக்கு அனுப்பும், பேட்டரி செலவாகாது. இன்னொன்று யூபிஎஸ் நிலை. கொஞ்சம் இறங்கினாலே கண்மூடித் திறப்பதற்குள் பேட்டரிக்கு மாறிவிடும். மாட்டிக் கொடுத்தவர், ஃபேனுக்கும் லைட்டுக்கும் இது போதும் என்று முதல் நிலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வந்த காலத்தில் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அவர் செய்தது சரிதான். அதற்குப் பிறகு யாரும் அதன் முதுகைப் பார்க்கவில்லை.

சுவிட்சைத் தள்ளினேன். கருப்பையா காட்டுக்கு ஓடி மோட்டாரை நிறுத்தினார், நாங்கள் கம்ப்யூட்டரைப் போட்டுப் படத்தைத் திறந்தோம். "போடுங்கண்ணே!" அடுப்படி டியூப்லைட் மங்கியது. இன்வர்ட்டர் "டக்" என்றது. திரை அப்படியே நின்றது! கலைச்செல்வி என் கையைப் பிடித்து அழுத்திய அழுத்தில் என் வளையல் ஒன்று வளைந்துவிட்டது. அறுபதை நெருங்குகிற பொம்பளை அந்த வீட்டுக் கூடத்தில் குதித்தேன் என்றால் நம்புவீர்களா? குதித்தேன்.

ஆனால் குதித்து இறங்கியதும் கேட்டேன்: "பேட்டரி எப்ப வாங்குனது?"

"சின்னவன் வயித்துல இருந்தப்பக்கா."

சின்னவன் பள்ளிக்கூடம் போயிருந்தான். இன்வர்ட்டரில் இருந்த விளக்குகளைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்திலேயே ஒரு விளக்கு குறைந்திருந்தது. அந்தப் பேட்டரி ஒரு அடியைத் தாங்கும். அந்தப் பெரிய மோட்டார் ஓடி, வோல்டேஜ் கீழேயே கிடக்கும் இரண்டு மணி நேரத்தைத் தாங்காது. அப்படியென்றால் மோட்டார் ஓடக் கூடாது.

கடலை பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயம். அப்போது தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. அன்றைக்கு விட்டால் அடுத்த மூணு பேஸ் மறுநாள்தான், அதுவும் எத்தனை மணிக்கென்று நிச்சயம் இல்லை. எனக்கே இவ்வளவு தெரியும்போது அவருக்குத் தெரியாதா? அதனால், மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவரிடம் குறைந்துபோன விளக்கை மட்டும் காட்டினேன். இன்னொருவர் வயலுக்குப் பாயும் தண்ணீரை நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை? கலைச்செல்விதான் முந்திக்கொண்டாள். "வேணாம் மாமா. பேட்டரி தாங்கும். நீங்க தண்ணி காட்டுங்க."

கருப்பையா என் முகத்தைப் பார்த்தார். "தாங்குமாம்மா?"

"தாங்காதுண்ணே" என்றேன். அந்த இடத்தில் பொய் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் நம் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர்கள் முடிவு எடுக்கிறார்கள்.

அவர் துண்டை உதறித் தலையில் கட்டினார். "ஆத்தா, நீ உக்காரு. மோட்டார் ஓடாது. பக்கத்துக் காட்டுக்காரங்ககிட்டயும் சொல்றேன், எல்லாரும் ஒரே நேரத்துல போடாம ஒண்ணொண்ணாப் போடச் சொல்லி. நீ முடிச்சதும் பின்வாசலுக்கு வந்து ஒரு சத்தம் குடு. அதுவரைக்கும் நான் ஸ்டார்ட்டர் பொட்டிக்குப் பக்கத்துலதான் இருப்பேன்." போகும்போது பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

உங்களில் யாராவது, ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவது என்பது பாகங்களைப் பொருத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பின்வாசலை ஒரு தடவை மனதுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த பணத்தில் நாம் பூட்டிக் கொடுக்கிற பெட்டி, நம் மேசையோடு முடிவதில்லை. அந்த வீட்டுக் கம்பி, இன்வர்ட்டர், பக்கத்து வயல், அங்கே துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் வரைக்கும் அதன் பாகங்கள்தான். பணம் இருக்கிறவருக்கு இதை எல்லாம் ஒரு யூபிஎஸ் பார்த்துக்கொள்ளும். இல்லாதவருக்கு நாம் பார்க்க வேண்டும்.

கம்பெனிக்காரர் திரையில் வந்தார். ஒரு பழைய வீட்டு முகப்பின் படங்களையும் அளவுகளையும் அனுப்பி, வரையச் சொன்னார். நான் கேமராவுக்குத் தெரியாமல் கதவோரம் உட்கார்ந்து இன்வர்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஃபேனையும் லைட்டையும் அணைத்து, ஃபிரிட்ஜையும் பிடுங்கிவிட்டோம். வியர்வை வழிய வழிய அவள் வரைந்தாள். தூண், உத்தரம், வளைவு என்று வீடு ஒவ்வொன்றாகத் திரையில் எழும்பியது. எங்கோ தூரத்து மோட்டார் ஒன்று எழும்பும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சத்தில் இன்னொரு "டக்" வந்து பழைய கரண்ட்டுக்குத் திரும்பும். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உயிர் போய் வந்தது. அவள் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

முடித்ததும் அந்த மனிதர் வெகுநேரம் படத்தையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இடது பக்கத் தூணுக்கு மட்டும் உயரம் போடாம விட்டிருக்கீங்களே?"

"நீங்க அனுப்புன அளவும் போட்டோவும் ஒத்துப்போகலை சார். எது சரின்னு தெரியாம வரையக் கூடாதுன்னு விட்டுட்டேன். வீடு எங்கன்னு சொன்னீங்கன்னா நான் நேர்லயே போயி அளந்துட்டு வந்துருவேன். எங்க ஊருலேர்ந்து பக்கந்தான் சார்."

அவர் சிரித்தார். "தெரிஞ்சுதான் மாத்தி அனுப்பினேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து சேந்துக்கிறீங்களா?"

கலைச்செல்வி நாற்காலியை விட்டு எழுந்தாள். "ஒரு நிமிஷம் சார்" என்று மட்டும் சொன்னாள். மைக்கை அணைக்கவில்லை. பின்வாசலுக்கு ஓடி, அந்த ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மாமா! மோட்டாரப் போடுங்க!"

கொட்டகைப் பக்கமிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. பிறகு மோட்டார் எழும்பியது. கூடத்தில் "டக்" என்றது; திரையில் அந்த முகப்பு அசையாமல் நின்றது. அவளோ வாசற்படியில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திரையில் இருந்தவர் பதறிப்போனார். "ஹலோ, என்னங்க சத்தம்? ஏதாவது பிரச்சினையா?"

நான் நடுவில் வரவே கூடாது. ஆனால் யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று கேமராவுக்குள் தலையை நீட்டினேன்.

"ஒண்ணும் இல்லைங்க சார். கடலைக்குத் தண்ணி பாயுது."